அலுமாரிக்குள் பூட்டிய உன் புத்தகம்

அன்புத் தம்பிக்கு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லத் தொடங்கினால் நீ பாதியில் "அம்மா, சுருக்கமா சொல்லுங்க" என்பாய், எனக்குக் கோபம் வரும், சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுவேன். எழுதினால் நீ கடைசி வரைக்கும் கேட்டுத்தானே ஆக வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. முழங்கால் வலி வழமைபோல இருக்கிறது, அதை நினைத்து நீ பயப்படாதே. பயம் எனக்குத்தான், அதுவும் உன்னால். வெள்ளிக்கிழமை நீ வந்து நம் பாடசாலையின் புது நூலகத்தைத் திறந்துவைக்கப் போகிறாய். மாலை போடுவார்கள், பேசச் சொல்வார்கள், நீயும் நன்றாகத்தான் பேசுவாய். அதற்கு முன்னால், நீ எழுதிய புத்தகம் இந்தத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குள் வந்து என்ன செய்துவிட்டது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். இதைத் தெரியாமல் நீ மேடை ஏறினால் அதைப் பார்த்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருக்க எனக்குத் தைரியம் இல்லை.

நீயும் உன்னோடு படித்தவர்களும் சேர்ந்து வாங்கி அனுப்பிய பெட்டிகள் வந்த அன்று பாடசாலையில் யாரும் படிக்கவில்லை, யாரும் படிப்பிக்கவும் இல்லை. லொறி ஃபேக்டரிச் சந்திக்கு மேல் ஏறாது என்று டிரைவர் சொல்லிவிட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒன்பதாம் தரத்துப் பையன்கள் ஓடிப்போய், தங்கள் அம்மாமார் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கைக் கொண்டுவந்து பெட்டிகளைப் போர்த்தித் தலையில் தூக்கிவந்தார்கள். ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரை படிக்கிறவர்களுக்கென்று புதுப் புத்தகம் வந்ததை நான் இந்தப் பாடசாலையில் பார்த்ததே இல்லை. சின்னதுகளுக்குப் படக் கதைகள் எங்கிருந்தாவது வரும். பெரிய வகுப்புக்குப் பழைய வினாத்தாள் வரும். நடுவில் இருக்கிறதுகள் நரிக் கதையைத் தாண்டி வளர்ந்துவிட்டதுகள், நாவலுக்கு இன்னும் வளராததுகள். யாரும் அதுகளை நினைத்துப் புத்தகம் வாங்குவதில்லை. நீ நினைத்தாய். அதற்காக உன்னை எத்தனை பேர் வாழ்த்தினார்கள் தெரியுமா? அதிபர் ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். துப்பறியும் கதை, நட்சத்திரங்களைப் பற்றிய புத்தகம், ஃபுட்போல் விளையாடுகிற பெண் பிள்ளையின் கதை. அவற்றுக்கடியில் ஒரு கட்டு. மேலட்டையில் உன் பெயர்.

இப்படி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறேன் என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டால் "சர்ப்ரைஸ்" என்றாய். தம்பி, எனக்கு வயது அறுபதை நெருங்குகிறது. அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிற மனுஷிக்கு சர்ப்ரைஸ் எல்லாம் உடம்புக்கு ஆகாது. அன்றைக்குச் சந்தோஷத்தில் எனக்குக் கை கால் ஓடவில்லை. எந்தப் புத்தகமாக இருந்தாலும் நூலகப் பொறுப்பாசிரியர் முதலில் வாசித்துவிட்டுத்தான் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும் என்று மற்ற டீச்சர்மாருக்குச் சட்டம் பேசுகிறவள் நான். உன் புத்தகத்துக்கு முத்திரை குத்தி, ஒரு பக்கத்தையும் புரட்டாமல், ஏழாம் தரத்து தனுஷிகாவின் கையில் கொடுத்தேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே. அந்த வகுப்பிலேயே திக்காமல் வாசிக்கிறவள் அவள்தான். நம் வீட்டுக்கு அடுத்த காம்பராவில் இருக்கிறவள், ஜோதியின் மகள். உன்னோடு ஏழாம் தரம் வரை ஒரே வகுப்பில் படித்து, பிறகு கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட அதே ஜோதி. அவளை அனுப்பிய அவளுடைய அப்பா, உன் வீரையா மாமா, இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். ஆனால் முழுதாகப் புரிந்திருக்காது. நீ கொழும்பில் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கிறவன். உன் வீட்டில் ஒரு புத்தகத்தை ஒருவர் வாசித்தால், அது அவருக்கும் புத்தகத்துக்கும் உள்ள விஷயம். இங்கே அப்படி இல்லை என்பது உனக்கு மறந்துவிட்டது. இங்கே வாசிப்பது என்றால் சத்தமாக வாசிப்பதுதான். வாய் அசையாத பிள்ளை படிக்காத பிள்ளை. மலையிலிருந்து வந்து அடுப்பில் உலை வைக்கிற அம்மா, பிள்ளையின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். சத்தம் கேட்டால் போதும், நம் பிள்ளை படிக்கிறது என்று நிம்மதியாக வெங்காயம் உரிப்பாள். நீயும் அப்படித்தான் வளர்ந்தாய். நம் லயத்தில் காம்பராக்களுக்கு நடுவில் உள்ள சுவர் கூரையைத் தொடாது என்பதும் உனக்குத் தெரியும். முதல் காம்பராவில் பிள்ளை தும்மினால் கடைசிக் காம்பராவில் இருந்து "ஆயுசு நூறு" என்பார்கள். உன் அப்பா போன பிறகு நான் முன்னால் ஒரு கூடம் இழுத்துக் கட்டினேனே தவிர, கூரை அதே கூரைதான். அதனால் அந்தப் பிள்ளை உன் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, லயம் முழுக்க வாசித்தது மாதிரிதான்.

முதல் சில நாள் ஒரே கொண்டாட்டம். பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்க நடக்கிற சண்டை, வாத்தியாருடைய குடையை ஆடு தின்றது எல்லாவற்றையும் நீ எழுதியிருக்கிறாயே, அதைக் கேட்டுச் சிரிக்காத வீடு இல்லை. பிள்ளை வாசிக்க உட்கார்ந்தால் டிவிச் சத்தத்தைக் குறைத்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று, பொய் சொல்லமாட்டேன். பிறகு, நீ ஜோதியை மலர் என்ற பெயரில் எழுதியிருக்கிறாயே, அந்த மலரின் அப்பா கதைக்குள் வந்தார். ஊரை மாற்றினாய், பெயரை மாற்றினாய். ஆனால் அவருடைய இடது காலை இழுத்து இழுத்து நடக்க வைத்தாய். எதைச் சொன்னாலும் முடிவில் "சரிதானே, சரிதானே" என்று இரண்டு தடவை சொல்ல வைத்தாய். தனுஷிகா மாட்டேன் என்று அழுகிற மலரைத் தரதரவென்று இழுத்துப் போய் வேனில் ஏற்றுகிற இடத்தை வாசிக்கிறாள். "அங்க போனா நல்லா இருப்ப, சரிதானே, சரிதானே" என்று அந்த அப்பா சொல்கிறார். மூன்றாவது காம்பராவில் இருந்து ஒரு வாண்டுப் பயல் சுவருக்கு மேலால் கத்தினான். "ஏ, அது நம்ம வீரையாத் தாத்தா தானே."

யாரும் சிரிக்கவில்லை. எங்கேயோ ஒரு சட்டி மூடி விழுந்தது. எனக்கு எழுந்து அந்த வீட்டுக்குப் போக வேண்டும் போல இருந்தது, போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை, அடுப்படியில் அப்படியே நின்றேன். பிள்ளையின் குரல் கேட்டது. "அம்மா, இது தாத்தாவா? அப்ப மலரு யாரு?" ஜோதி, "சோறு ஆறுது, புத்தகத்த வச்சிட்டு வா" என்று மட்டும் சொன்னாள். தான் ஒரு காலத்தில் கொழும்பில் வீட்டு வேலை செய்ததை ஜோதி தன் மகளுக்குச் சொன்னதே இல்லை, தம்பி. அந்தப் பிள்ளைக்கு அதைச் சொன்னது உன் புத்தகம்தான். அதுவும் லயம் முழுக்கக் கேட்க, அந்தப் பிள்ளையின் வாயாலேயே.

அன்றைக்கு உட்கார்ந்து உன் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை வாசித்தேன். முடிவில் அந்த அப்பா தவறணையில் குடித்துவிட்டு வரும் வழியில், தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து மழையில் கிடந்து சாகிறார். மலர் அழவில்லை. அடுத்த நாள் பையைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக்குப் போகிறாள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். தெரியாத ஒருவர் எழுதியிருந்தால் நானே பிள்ளைகளிடம் "கட்டாயம் வாசிங்க" என்று சொல்லியிருப்பேன். ஆனால் இன்னும் இரண்டு மூன்று நாளில் தனுஷிகா அந்தப் பக்கத்துக்கு வந்துவிடுவாள். தன் தாத்தா செத்துப்போவதையும் அதற்கு யாரும் அழாததையும் தாத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பாள்.

காலையில் அவளைக் கூப்பிட்டு, "புத்தகத்த கொண்டா, சீல் குத்த மறந்துட்டேன்" என்றேன். அவள் முதல் பக்கத்தைத் திறந்து காட்டினாள். "குத்தியிருக்கே டீச்சர்." "இன்னொன்னு குத்தணும்" என்றேன். அந்தப் பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புத்தகத்தைக் கொடுத்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பொய் தெரியாதா? மிச்சப் பிரதிகளையும் எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அந்த அலுமாரியைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். முன்பு பொறுப்பில் இருந்தவர் கல்விப் பணிமனையில் இருந்து யாராவது வந்தால் காட்டுவதற்கென்று நல்ல புத்தகங்களையெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் பூட்டி வைத்திருந்தார். மழைக்கால ஈரத்தில் அவை உள்ளேயே பூஞ்சணம் பிடித்தன. பொறுப்பு என் கைக்கு வந்த அன்றைக்கு நான் செய்த முதல் வேலை அந்தப் பூட்டைக் கழற்றியதுதான். புத்தகம் கிழிந்தால் கிழியட்டும், பிள்ளை கையில் கிழியட்டும் என்று அதிபரோடு சண்டை போட்டவள். அதே பூட்டைத் தேடி எடுத்து, எண்ணெய் விட்டு, என் மகனுடைய புத்தகத்தின் மேல் போட்டிருக்கிறேன். நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பூட்டியும் ஒன்றும் நிற்கவில்லை. ஜோதியைப் பீலியடியில் கண்டபோது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளாகத்தான் பேசினாள். "தம்பி பொய்யா ஒண்ணும் எழுதலயே டீச்சர். நடந்ததுதானே. எனக்கு எங்க அப்பா மேல கோவம் இல்ல" என்றாள். குடத்தை இடுப்பில் வைத்தவள் போகாமல் நின்றாள். "ஆனா புள்ள தாத்தா கிட்ட பேசுறதில்ல. காலையில அவரு கூடத்தானே ஸ்கூலுக்கு வரும், இப்ப முன்னுக்கு ஓடிருது. அவரு ஊத்துற தேத்தண்ணியக் குடிக்க மாட்டேங்குது. அப்பா ஒண்ணும் கேக்கல. கிளாச கழுவி வச்சிட்டு வாசல் இஸ்தோப்புல போயி உக்காந்துக்கிறாரு." நான் பார்த்தேன், தம்பி. அவர் காலை இழுத்துக்கொண்டு வர, பிள்ளை தேயிலைக்குள் இறங்கிக் குறுக்குப் பாதையால் ஓடுகிறது. அவர் கூப்பிடுவதில்லை. வளைவு வரைக்கும் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறார்.

நீ பார்த்ததை நீ எழுதினாய். ஜோதி அழுததை நீ பார்த்தாய், வேனைப் பார்த்தாய், அன்றைக்கு அவரிடம் வந்த சாராய வாடையும் உண்மை. ஆனால் அடுத்த தை மாதம் நீ ஹட்டனுக்கு விடுதிக்குப் போய்விட்டாய். அதன் பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை, நாங்களும் உன் படிப்பு கெடும் என்று இதையெல்லாம் எழுதவில்லை. அவர் ஒரு தீபாவளிக்கு முன்னால் மகளைப் பார்க்கக் கொழும்புக்குப் போனார். அந்த வீட்டில் கேட்டைத் திறக்கவில்லை. பகல் முழுக்க ரோட்டிலேயே நின்று, அவள் குப்பை கொட்ட வெளியே வந்தபோது கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அவளுடைய துணிமணிகூட அங்கேயே கிடந்தது. பிறகு நான் எவ்வளவு கெஞ்சியும் ஜோதி சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்க மாட்டேன் என்றுவிட்டாள். ஏன் அனுப்பினீர்கள் என்று நான் கேட்டபோது அவர் சொன்னது இதுதான்: "அங்கனாச்சும் புள்ள வயிறாறச் சாப்பிடும்னு நெனச்சேன் டீச்சர்." குடியை அதோடு விட்டாரா என்றால் இல்லை. அவரைப் புனிதராக்க எனக்கு ஒரு தேவையும் இல்லை. அவர் செய்தது பிழைதான். ஆனால் அந்த மனுஷன் இந்த லயத்தில் இத்தனை வருடம் உயிரோடு இருந்திருக்கிறார், பேத்தியைக் கையில் பிடித்துப் பாடசாலைக்குக் கூட்டி வந்திருக்கிறார். நீ கானுக்குள் போட்டுவிட்டுப் போனது அவரைத்தான்.

அப்படியானால் புத்தகத்தைப் பூட்டியே வைத்துவிடலாமே என்று நீ கேட்பாய், உனக்கு ரோஷம் அதிகம். எனக்கும் ஒரு நேரம் அப்படித்தான் தோன்றியது. ஆனால் தனுஷிகா வாசித்ததைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்ட எட்டாம் தரத்துப் பிள்ளை ஒன்று இடைவேளைக்கு இடைவேளை நூலக வாசலில் வந்து நிற்கிறது. மற்றப் புத்தகங்களைக் கொடுத்தால் வாங்குவதில்லை. "அந்த மலரு திரும்பி வருவாளா டீச்சர், அத மட்டும் சொல்லுங்க" என்றது. ஏன் கேட்கிறாய் என்று விசாரித்தால், அதன் அம்மா வெளிநாடு போகப் போகிறாளாம், இதை எங்கே விடுவது என்று வீட்டில் பேச்சு நடக்கிறதாம், கொழும்பில் யாரோ ஒரு அன்டி கேட்டிருக்கிறாளாம். அதிபரிடம் சொல்லியிருக்கிறேன், வீட்டுக்கும் போய்ப் பேசப் போகிறேன். ஆனால் அந்தப் பிள்ளை தன் வாயைத் திறந்தது உன் கதையால்தான். ஒரு பக்கம் அந்தப் பிள்ளை, மறு பக்கம் அந்தக் கிழவர். இவ்வளவு காலம் படிப்பித்தும், ஒரு புத்தகத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்பதை என்னால் முடிவெடுக்க முடியவில்லை.

முந்தநாள் வீரையாண்ணன் பாடசாலைக்கே வந்துவிட்டார். படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. நாற்காலியைப் போட்டேன், உட்காரவில்லை. அடுக்கி வைத்திருக்கிற புதுப் புத்தகங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒன்றையும் தொடவில்லை.

"டீச்சரம்மா, தம்பி எழுதுன புத்தகம் பூட்டியிருக்காமே."

"இல்லண்ணே, இன்னும் பதியல, அதான்" என்றேன். அவரிடமும் பொய்.

"அதுல வாற அப்பன் கடைசில என்ன ஆகுறான்?"

மேசையில் கிடந்த பேனையை எடுத்து வைத்தேன், திரும்ப எடுத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"செத்துருறான் போல. சரிதானே, சரிதானே" என்றார். பிறகு சொன்னார்: "நீங்க பூட்டி வச்சா புள்ள பாட்டுக்கு எதையாச்சும் நெனச்சிக்கிட்டே இருக்கும். என்ன எழுதியிருந்தாலும் நான் கேட்டுக்கிறேன். ஆனா புள்ள வாயால வேணாம் டீச்சர். நம்ம தம்பி வருதுல்ல, அதையே வந்து படிக்கச் சொல்லுங்க. புள்ளையும் பக்கத்துல இருக்கட்டும்."

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. நீ வந்தால் கொடுக்கக் கொய்யாப் பழம் பழுக்க வைத்திருப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே தம்பி, வெள்ளிக்கிழமை காலை வருகிறேன் என்று சொன்னதை மாற்றிக்கொள். வியாழக்கிழமையே புறப்பட்டு வா. உனக்கு வேலை இருக்கும், லீவு கிடைக்காது, இதெல்லாம் எனக்குத் தெரியும். நீ ஏதாவது காரணம் சொல்லி வராமலே விட்டுவிடுவாயோ என்பதுதான் இப்போது எனக்குள்ள பெரிய பயம், அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போ. நான் கூட வரமாட்டேன், என் வீட்டில் இருந்தாலும் எனக்குக் கேட்கும். ஜோதி தேத்தண்ணி தந்தால் குடி. போன உடனே மன்னிப்பு அது இது என்று ஆரம்பித்து அவர் வாயை அடைத்துவிடாதே, அவர் உன்னிடம் அதைக் கேட்கவில்லை. அவர் கேட்டது வாசிக்கத்தான். முடிவை மாற்றி வாசிக்கலாம் என்று நினைக்காதே. தனுஷிகா அதே பக்கத்தைப் பிறகு எடுத்துப் பார்ப்பாள், அந்தப் பிள்ளையிடம் நம் குடும்பத்தில் ஒருவர் பொய் சொன்னது போதும். வாசித்து முடித்த பிறகு அவர் ஏதாவது சொன்னால் கேள், ஒன்றும் சொல்லாவிட்டால் உட்கார்ந்திரு. பிள்ளை தாத்தாவிடம் திரும்பிப் போகுமா என்று எனக்குத் தெரியாது. போகாமலும் விடலாம். ஆனால் அந்தக் கேள்வியை அந்தக் கிழவர் தனியாகச் சுமக்க வேண்டாம், எழுதியவனும் பக்கத்தில் இருக்க வேண்டும். அடுத்த நாள் நீ நாடாவை வெட்டுவதற்கு முன்னால் நான் அலுமாரியைத் திறந்து உன் புத்தகங்களை மற்றவற்றோடு அடுக்கிவிடுவேன், முந்தின சாயங்காலம் என்ன நடந்திருந்தாலும் சரி.

இன்னும் ஒன்று. அந்த அப்பா விழுந்து கிடக்கிற இடம் வரும்போது உனக்குக் குரல் தானாகத் தணிந்துவிடும். தணிக்காதே, தம்பி. வீரையாண்ணனுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம்.

அம்மா